சட்டம் நீங்கிய பின்னும் தொடரும் விலக்கம்

சமூக விலக்கமும் வறுமையும் ஒன்றல்ல. வறியவருக்கு வருவாய் குறைவு. விலக்கப்பட்டவருக்கோ உரிமை கோரும் வழியே அடைபட்டுள்ளது. இந்தியாவின் சீர்மரபினர், நாடோடி இனத்தவர் ஆகியோரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், தனிமனிதரின் செயலை நோக்காது, முழு இனங்களையும் குற்றப் பரம்பரையினர் என அறிவிக்க வழிவகுத்தது. அறிவிக்கப்பட்டோரின் பெயர்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. அனுமதிச் சீட்டின்றி அவர்கள் எல்லை கடக்க இயலவில்லை. அவ்வறிவிப்பை எதிர்த்து நீதிமன்றத்தில் முறையிடவும் இடமில்லை. உப்பும் தானியமும் மாடுகளில் ஏற்றிச் சென்று விற்ற பஞ்சாராக்களின் தொழில் இருப்புப் பாதைகளால் நலிந்தது. அவர்களுள் பலரது நடமாட்டத்தை இச்சட்டம் முடக்கியது.

1952 ஆகஸ்ட் 31ஆம் நாள் இச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் பல மாநிலங்களில் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் அதனிடத்தைப் பிடித்தன. சிறை விதிகளில் எஞ்சியிருந்த சாதிப் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் செல்லாதென அறிவித்தது.

இன்றைய தடை வேறு வகையானது. நிலையான முகவரி இல்லாதவருக்குக் குடும்ப அட்டை கிடைப்பது அரிது. அட்டையின்றிச் சாதிச் சான்றிதழ் பெறுவது கடினம். சான்றிதழின்றி உதவித்தொகை இல்லை. எந்த இடஒதுக்கீட்டுப் பட்டியலிலும் இடம்பெறாத இனங்கள் இருநூற்றுக்கும் மேல் உள்ளன என்பது 2017இல் அறிக்கை அளித்த இதாதே ஆணையத்தின் ஆய்வில் தெரியவந்தது. 2022இல் இவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட ‘சீட்’ திட்டத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு 200 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

அன்று பதிவேட்டில் இருந்ததால் துன்புற்றோர், இன்று பதிவேட்டில் இல்லாததால் துன்புறுகின்றனர். ஆகவே அவர்கள் தங்குமிடத்திற்கே சென்று சான்றிதழ் வழங்குதல் நிருவாகத்தின் முதற்கடமையாகும். நிதி ஒதுக்கீடு அதன் பின்னரே பயன் தரும்.