18 வயதுக்குப் பின்: இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைக்கு வைத்தியமும் தங்குமிடமும்

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உங்களில் சிலர் ஒரு பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்திருப்பீர்கள். சாப்பாடும் படிப்பும் தடைப்படக்கூடாது என்பதே அன்றைய யோசனை. இறந்துபோன சகோதரத்தின் பிள்ளையை இல்லத்தில் விட்டவர்களும் உங்களிடையே உண்டு. இலங்கையில் சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். ஆகவே இதில் வெட்கப்படவோ மறைக்கவோ எதுவும் இல்லை.

இப்போது நீங்கள் சொந்த ஊருக்குத் திரும்புகிறீர்கள். பிள்ளைக்கோ 17 அல்லது 18 வயதாகிறது. கொழும்பில் வளர்ந்த பிள்ளை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வேலை பார்க்க விரும்பலாம். பாமன்கடையில் ஓர் அறை எடுத்துத் தங்க நினைக்கலாம். இந்த மாற்றத்தில் பிள்ளையின் வைத்தியம் அறுந்துபோகாமலும் இரவில் படுக்க இடமில்லாமல் போகாமலும் இருக்க நீங்கள் செய்ய வேண்டியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

18 வயதில் என்ன மாறுகிறது?

இலங்கையில் 18 வயது நிறைந்தவர் சட்டப்படி பராயமடைந்தவர். முன்பு 21 ஆக இருந்த இந்த வயது 1989 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் 18 ஆக்கப்பட்டது. சிறுவர் இல்லங்களை மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம் மேற்பார்வை செய்கிறது. பிள்ளை பராயமடைந்ததும் இல்லத்தின் பொறுப்பு பொதுவாக முடிவுக்கு வருகிறது.

அந்த ஒரு நாளில் பிள்ளை பல விடயங்களை ஒன்றாக இழக்கிறது. படுக்கை போகிறது. மூன்று நேரச் சாப்பாடு போகிறது. கிளினிக் திகதியை நினைவில் வைத்து அழைத்துச் சென்ற பொறுப்பாளரும் இனி அருகில் இல்லை.

உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் பலர் 18 அல்லது 19 வயதில் இருப்பார்கள். பரீட்சை முடியும்வரை இல்லத்தில் தங்க அனுமதிக்குமாறு இல்லப் பொறுப்பாளரையும் நன்னடத்தை உத்தியோகத்தரையும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பிறந்தநாள் வந்த பிறகு கேட்பதைவிட ஆறு மாதங்களுக்கு முன்பே கேட்பது நல்லது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களும் இதையே வலியுறுத்துகின்றன. வெளியேறும் பிள்ளைக்கான ஆயத்தம் வெளியேறும் நாளுக்கு நெடுநாள் முன்பே தொடங்க வேண்டும். வெளியேறிய பின்னும் துணை நிற்க ஒருவர் இருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பும் குடும்பங்கள் அங்குள்ள ஏற்பாட்டைக் கேள்விப்பட்டிருக்கலாம். இந்தியாவில் இல்லத்தைவிட்டு வெளியேறும் இளைஞருக்குப் பொதுவாக 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி வழங்க ஏற்பாடு உண்டு. இங்கே அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பில் பெரும்பங்கு குடும்பத்தின் தோளில் விழுகிறது.

வைத்தியம்: கதவு திறந்திருக்கிறது, தொடர்புதான் அறுகிறது

அமெரிக்காவில் அரச பராமரிப்பில் வளர்ந்த இளைஞருக்கு 26 வயது வரை அரச மருத்துவக் காப்புறுதி கிடைக்கும் ஏற்பாடு 2014 இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே காப்புறுதி இல்லாவிட்டால் வைத்தியச் செலவு மிகப் பெரிய சுமை. இலங்கையில் நிலைமை வேறு. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அதற்குக் காப்புறுதி அட்டை தேவையில்லை. 18 வயதானதால் எவரும் உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

ஆனாலும் பல பிள்ளைகளின் சிகிச்சை இந்த வயதில்தான் நின்றுபோகிறது. கிளினிக் கொப்பி இல்ல அலுவலகத்தில் கிடக்கும். சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியோர் கிளினிக்குக்கு மாற்றும் கடிதம் வாங்கப்பட்டிருக்காது. புதிய வேலையில் லீவு கேட்கப் பிள்ளைக்குப் பயம். இப்படி ஒரு மாதம் தவறினால் மறு மாதமும் தவறும்.

வலிப்பு நோய்க்கு மருந்து எடுக்கும் ஒரு மகளை எண்ணிப் பாருங்கள். இல்லத்தில் இருந்தவரை அவளுக்கு வலிப்பு வரவில்லை. நோய் மாறிவிட்டதென்று எண்ணி மருந்தை விடுகிறாள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தொய்வு, நீரிழிவு, தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கும் மருந்து இடையில் நிற்கக்கூடாது. வைத்தியர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்தக்கூடாது என்பதைப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இல்லத்தைவிட்டு வெளியேறும் முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

• பிறந்தது முதலான தடுப்பூசி விபரங்கள் உள்ள சிறுவர் சுகாதாரப் பதிவேடு.
• கிளினிக் கொப்பி, வைத்தியசாலையில் தங்கியிருந்தபோது கொடுத்த நோய் விபர அட்டைகள், பரிசோதனை அறிக்கைகள்.
• எடுக்கும் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்துகள், இரத்த வகை ஆகியவற்றை எழுதிய ஒரு தாள்.
• புதிய இடத்துக்கு அருகிலுள்ள வைத்தியசாலைக்கு மாற்றல் கடிதம்.
• அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் போதுமான மருந்து.

பல்லையும் கண்ணையும் இல்லத்தில் இருக்கும்போதே காட்டிவிடுங்கள். தனியாக வாழத் தொடங்கியவர்கள் வலி வரும்வரை இவற்றைத் தள்ளிப்போடுவார்கள்.

பாமன்கடையில் தங்கும் பிள்ளைக்குக் களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை அருகில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் தங்குபவர் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குச் செல்லலாம். முதல் தடவை வெளிநோயாளர் பிரிவில் காட்டி, மாற்றல் கடிதத்தைக் கொடுத்து, கிளினிக்கில் பதியச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த முதல் நாளில் குடும்பத்தில் ஒருவர் கூடச் செல்லுங்கள்.

அவசரத்துக்கு இரண்டு இலக்கங்களைப் பிள்ளையின் தொலைபேசியில் பதியுங்கள். 1990 இலவச அம்புலன்ஸ் சேவை. 1926 தேசிய மனநல உதவிச் சேவை. இல்லத்தில் பத்துப் பன்னிரண்டு பேரோடு வளர்ந்த பிள்ளைக்குத் தனி அறையின் இரவுகள் கடினமாக இருக்கும். நித்திரை வராமை, சாப்பாட்டில் விருப்பமின்மை, எவரோடும் பேசாமை என்பவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்ததும் ஊழியர் சேமலாப நிதியத்திலும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் தன்னைப் பதிந்துள்ளார்களா என்று பிள்ளை கேட்க வேண்டும். முதலாவதற்கு ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்வழங்குநர் 12 வீதமும் செலுத்துவர். இரண்டாவதற்குத் தொழில்வழங்குநர் மட்டும் 3 வீதம் செலுத்துவார். அந்த இரண்டாவது நிதியம் அங்கத்தவருக்கு இருதய சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு உதவிப்பணமும் வழங்குகிறது. கடையில் வேலை செய்யும் இளைஞருக்கும் இது உரித்தானது. பெருஞ்செலவான சத்திரசிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

தங்குமிடம்: மூன்று வழிகள்

முதலாவது, உங்களோடு ஊருக்கு வருவது. வீடு இன்னும் கட்டி முடியாத தற்காலிகக் கொட்டிலாக இருந்தாலும் பிள்ளை வர விரும்பினால் அழைத்து வாருங்கள். வராவிட்டாலும் உங்கள் மீள்குடியேற்றப் பதிவிலும் குடும்ப அட்டையிலும் பிள்ளையின் பெயரைச் சேர்க்குமாறு கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பெயர் இல்லாத பிள்ளைக்குப் பின்னாளில் காணியிலும் உதவியிலும் சிக்கல் வரலாம்.

இரண்டாவது, விடுதி. சில அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் விடுதி வசதி உண்டு. பெண்பிள்ளைகளுக்கு ஒய்.டபிள்யூ.சி.ஏ. போன்ற அமைப்புகளும் கன்னியர் மடங்களும் நடத்தும் விடுதிகள் கொழும்பில் உள்ளன. பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதே விடுதி பற்றியும் கேளுங்கள். இல்லத்தை நடத்தும் அமைப்பே வெளியேறும் இளைஞருக்குச் சில காலம் தங்குமிடமோ வாடகை உதவியோ கொடுக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

மூன்றாவது, வாடகை அறை. வெள்ளவத்தை, பாமன்கடைப் பகுதியில் இருவர் மூவர் சேர்ந்து அறை எடுப்பது வழக்கம். ஒரே இல்லத்தில் வளர்ந்த இருவர் சேர்ந்து தங்கினால் செலவும் குறையும், தனிமையும் குறையும். பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

• முற்பணம் எவ்வளவு? வெளியேறும்போது திரும்பக் கிடைக்குமா?
• தண்ணீர், மின்சாரக் கட்டணம் வாடகையில் அடங்குமா?
• அறைக்கு உட்புறத் தாழ்ப்பாள் இருக்கிறதா? குளியலறையை எத்தனை பேர் பாவிக்கிறார்கள்?
• சமைக்கலாமா? இரவு எத்தனை மணிக்குப் படலை பூட்டப்படும்?
• வெளியேறச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம்?

பதில்களை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தேசிய அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்கலாம். மூலத்தை எவரிடமும் விட்டுவைக்கக்கூடாது.

கொழும்பில் பிள்ளையைத் தனியே விடப் பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலான இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதைப் பலர் மறக்கவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்துமாறு இடைக்கால உத்தரவிட்டதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இலங்கைக்குள் தான் விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரஜைக்கும் வழங்குகிறது. அறை எடுப்பது எவரிடமும் பெறும் சலுகை அல்ல.

குடியேறியதும் அப்பகுதிக் கிராம உத்தியோகத்தரிடம் சென்று வதிவைப் பதியச் சொல்லுங்கள். வெள்ளவத்தையும் பாமன்கடை மேற்கு, கிழக்குப் பிரிவுகளும் திம்பிரிகசாய பிரதேச செயலகத்தின் கீழ் வருகின்றன. கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது. வேலைக்கும் வங்கிக்கும் வதிவுச் சான்று தேவைப்படும்.

ஆவணங்கள் இல்லாவிட்டால்

பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்புப் பதியப்பட்ட பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். பதியப்படாத பிறப்பைக் காலங்கடந்த பதிவாகப் பதிய வழியுண்டு. இந்தியாவில் பிறந்த பிள்ளையானால் அங்குள்ள பிறப்புச் சான்றிதழோடு இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவும் செய்திருக்க வேண்டும்; திரும்பும் முன் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள். தேசிய அடையாள அட்டைக்கு 15 வயது நிறைந்தவர் விண்ணப்பிக்கலாம். இல்லத்தில் இருக்கும்போதே விண்ணப்பித்தால் பொறுப்பாளரின் கடிதமும் உதவியும் எளிதில் கிடைக்கும்.

பிள்ளையின் பெயரில் சேமிப்புக் கணக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தப் பணம் பிள்ளையுடையது. வீட்டுக் கூரைக்கோ கடனுக்கோ அதைக் கேட்காதீர்கள். முதல் மூன்று மாத வாடகையும் சாப்பாடும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரவேண்டும்.

காலவரிசை

ஒரு வருடத்துக்கு முன்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை சரிபார்த்தல். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறிதல்.

ஆறு மாதத்துக்கு முன்: இல்லப் பொறுப்பாளர், நன்னடத்தை உத்தியோகத்தர், பிள்ளை, குடும்பத்தவர் நால்வரும் கூடிப் பேசுதல். பயிற்சிக்கும் விடுதிக்கும் விண்ணப்பித்தல்.

மூன்று மாதத்துக்கு முன்: பல், கண் பரிசோதனை. கிளினிக் மாற்றல் கடிதம். அறை பார்த்தல்.

கடைசி வாரம்: எல்லா ஆவணங்களையும் ஒரு கோப்பில் இட்டு, பிரதிகளை வீட்டில் ஒரு தொகுதி வைத்தல்.

வெளியேறிய முதல் மூன்று மாதம்: முதல் கிளினிக் நாளுக்குக் கூடச் செல்லுதல். வாரம் ஒரு குறித்த நாளில் தொலைபேசியில் பேசுதல். அப்போது சம்பளத்தைப் பற்றிக் கேட்கும் முன் சாப்பிட்டாயா, மருந்து எடுத்தாயா என்று கேளுங்கள்.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

1. நமது பிள்ளைக்கு 18 வயது நிறையும் திகதி எது? அதற்கு இன்னும் எத்தனை மாதங்கள் உள்ளன?
2. பிள்ளை நாளாந்தம் எடுக்கும் மருந்து எது என்று வீட்டில் யாருக்குத் தெரியும்?
3. கொழும்பில் பிள்ளைக்கு நள்ளிரவில் சுகமில்லாமல் போனால் அரை மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடிய உறவினர் அல்லது அறிந்தவர் யார்?
4. வேலையும் அறையும் சரிவராமல் பிள்ளை திரும்பி வந்தால் எங்கே படுக்க வைப்போம்?

நான்காவது கேள்விக்கு நீங்கள் கண்ட பதிலைப் பிள்ளைக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். திரும்பி வர ஓர் இடம் இருக்கிறதென்று அறிந்த பிள்ளை, மோசமான அறையிலும் சம்பளம் தராத வேலையிலும் மாட்டிக்கொண்டு கிடக்காது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஏதும் தீங்கு நேர்வதாக அறிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள். இப்பாடத்தில் விளங்காதவற்றை உங்கள் பகுதிக் கிராம உத்தியோகத்தரிடமோ, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ, எமது கள உத்தியோகத்தரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.