ஏரியிலிருந்து வரும் குரல் ஏன் உடைகிறது?

கேள்வி: என் வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் படகில் இருந்தபடியே செல்போனில் பேசுவார். சிக்னல் ஒன்றிரண்டு கோடுதான் இருக்கும். இன்ஜின் ஓடினால் குரல் மெஷின் பேசுவது போல் கேட்கிறது. நண்டு விலை இருநூறா முந்நூறா என்று பிடிபடுவதில்லை. வாட்ஸ்அப்பில் அவர் பேசி அனுப்பும் பதிவு மட்டும் தெளிவாக இருக்கிறது. வேறு போன் வாங்கினால் சரியாகுமா?
— வாசகி, சுண்ணாம்புக்குளம்

பதில்: பணத்தைச் செலவழிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள் அம்மா. குறை பெரும்பாலும் போனில் இல்லை.

செல்போன் உங்கள் கணவரின் குரலை அப்படியே அனுப்புவதில்லை. டிஜிட்டல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 பிட் (0 அல்லது 1 என்ற குறி) ஒதுக்கினார்கள். காற்றலையில் அவ்வளவு இடம் கிடையாது. 2ஜி தொடங்கியபோது 13,000 பிட்டில் முடித்துக்கொண்டார்கள். பிறகு வந்த ஏஎம்ஆர் முறை, சிக்னல் கெட்டால் 4,750 பிட் வரைகூட இறங்கும். மிச்சமாகும் இடத்தை, வழியில் நேரும் பிழைகளைத் திருத்துவதற்கான பிட்டுகளுக்குக் கொடுத்துவிடும். குரல் கொஞ்சம் மங்கினாலும் பேச்சு அறுந்துவிடக் கூடாது என்பதே கணக்கு. அது சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன்.

இவ்வளவு சுருக்க முடிவதற்குக் காரணம், போனில் குரலைச் சுருக்கி விரிக்கும் கோடெக், மனிதன் பேசும் விதத்தை அறிந்து செய்யப்பட்டிருப்பதுதான். பேச்சை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் தொண்டை எப்படி அதிர்ந்தது, வாயும் நாக்கும் அதை எப்படி வளைத்தன என்ற குறிப்பை மட்டும் அனுப்புகிறது. உங்கள் கையிலுள்ள போன் அதைப் படித்துக் குரலைப் புதிதாக உண்டாக்குகிறது. பேச்சைச் சுருக்கும் இந்தத் துறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1985-இல் அவரும் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் வெளியிட்ட முறையின் வழியில் வந்ததுதான் ஏஎம்ஆர்.

இன்ஜினுக்குத் தொண்டையும் கிடையாது, நாக்கும் கிடையாது. அதன் இரைச்சலையும் கோடெக் பேச்சாக நினைத்தே விவரிக்கப் பார்க்கிறது. இருக்கும் கொஞ்சம் பிட்டும் அதில் போய்விடுவதால் கணவரின் குரல் சிதைகிறது. மைக்கில் அடிக்கும் காற்றும், பக்கத்தில் இன்னொருவர் பேசுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

மெஷின் குரலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு துண்டு வழியில் தொலைந்தால், உங்கள் போன் முந்தைய துண்டையே திரும்ப ஒலிக்கும். தொடர்ந்து தொலைந்தால் ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் மௌனமாகிவிடும். இருநூறு, முந்நூறு இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். முன்பாதி தொலைந்தால் காது என்ன செய்யும்?

நேரடிப் பேச்சில் தொலைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்க நேரமில்லை. வாட்ஸ்அப் பதிவுக்கு அந்த அவசரம் கிடையாது. வராத துண்டை மறுபடி அனுப்ப வைத்து, முழுதாக வந்து சேரும். உங்களுக்கு அது தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

இருவர் போனிலும் 4ஜி வழியே பேசும் வோல்ட்இ வசதி இருந்து, அமைப்பில் அது அணைந்திருந்தால் இயக்கிவிடுங்கள். பழைய அழைப்பில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். வோல்ட்இ-யின் அகல ஒலி 7,000 வரை போகும், அதுவும் 12,650 பிட்டிலேயே. 4ஜி சிக்னல் எட்டாத இடத்தில் மட்டும் இது உதவாது.

பேசும்போது இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி, ஒருவர் மட்டும் பேசட்டும். தொகையை "மூணு, அஞ்சு, பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லட்டும். நீங்கள் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். வியாபாரியிடம் ஒத்துக்கொள்ள வேண்டிய விலையை மட்டும் எப்போதும் பதிவாகவே அனுப்பச் சொல்லுங்கள்.