வீடு மாறினால் இன்டர்நெட் பணம் போச்சா?

கேள்வி: திருச்சி தில்லைநகரில் வாடகைக்கு இருக்கிறோம். ஐந்து மாதம் முன்பு வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் போட்டோம். மாதம் 799 ரூபாய் பிளான். வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் பத்து மாதக் கட்டணம்தான் என்று சொன்னதால், ஜிஎஸ்டியோடு 9,428 ரூபாய் கட்டினோம். இன்ஸ்டலேஷன் இலவசம், ரவுட்டர் இலவசம் என்றார்கள். இப்போது மாமியாருக்கு உடம்பு முடியாததால், இந்த மாதக் கடைசியில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் சொந்த ஊருக்கே போகிறோம். கஸ்டமர் கேருக்கு போன் செய்தால், “அந்த ஏரியாவில் நம்ம லைன் இல்லை மேடம்” என்கிறார்கள். மீதி ஏழு மாதப் பணம் திரும்ப வராதாம். 12 மாதம் முடியும் முன் இணைப்பை எடுத்தால் இன்ஸ்டலேஷனுக்கு 1,180 ரூபாயும் ரவுட்டருக்கு 2,500 ரூபாயும் நாங்கள்தான் கட்ட வேண்டுமாம். ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கத் தயாராகவே இருக்கிறோம். லைன்மேனோ, “அடுத்து வர்ற குடித்தனக்காரருக்கு அப்படியே விட்டுட்டுப் போயிடுங்கக்கா” என்கிறார். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: “கனெக்‌ஷனைக் கட் பண்ணிடுங்க” என்று இதுவரை எழுதிக் கொடுக்கவில்லை அல்லவா? இனியும் கொடுக்காதீர்கள். போனிலும் அப்படிச் சொல்லாதீர்கள். அந்த உரையாடல் அவர்களிடம் பதிவாகிறது. நீங்கள் கேட்க வேண்டியது இடமாற்றம். “எங்கள் இணைப்பை இந்த முகவரிக்கு, இந்தத் தேதிக்குள் மாற்றித் தாருங்கள்” என்று நிறுவனத்தின் செயலியிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே லைன் இல்லை என்ற பதிலும் எழுத்தில் வரட்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தின் முன்னால் காகிதம்தான் பேசும். துண்டிக்கச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தால், 12 மாத ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். இடமாற்றம் கேட்டு அவர்கள் முடியாது என்றிருந்தால், சேவையைத் தொடரத் தயாராக இருந்தவர் நீங்கள், தர முடியாதவர் அவர்கள். நடந்தது ஒன்றுதான் என்றாலும் வழக்கின் முகம் மாறிவிடுகிறது.

இதனாலேயே வழக்கு வென்றுவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். இணைப்பு எடுத்த அன்று நீங்கள் படிக்காமல் டிக் போட்ட நிபந்தனைகளில், “இடமாற்றம் தொழில்நுட்ப சாத்தியத்துக்கு உட்பட்டது” என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அது இருந்தால், குன்னத்தில் லைன் இல்லாததை மட்டும் வைத்து அவர்கள் ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு: புது வீட்டில் அந்த நிறுவனத்தால் சேவை தர முடியாவிட்டால், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வாடிக்கையாளர் விலகிக்கொள்ளலாம். நம் நாட்டில் அப்படி ஒரு நேரடி விதி இல்லை. ஆகவே பொதுச் சட்டத்தை வைத்துத்தான் வாதாட வேண்டும். அது ஒன்றும் பலவீனமான ஆயுதம் இல்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகை முழுவதும் எதிர்த் தரப்புக்குத் தானாகச் சேர்ந்துவிடாது. அந்தத் தொகைக்கு மேல் போகாமல், நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். இதில் நான் அடிக்கடி எடுத்துக் காட்டும் தீர்ப்பு, 1969-இல் வந்த மௌலா பக்ஷ் வழக்கு. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு, கோழி, முட்டை, மீன் சப்ளை செய்ய ஒப்பந்தம் எடுத்தவர் ஒழுங்காக சப்ளை செய்யவில்லை. அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்து, அவர் கட்டியிருந்த டெபாசிட்டையும் எடுத்துக்கொண்டது. தவறு அவர் பேரில்தான். இருந்தும் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நிற்கவில்லை. வெளியில் என்ன விலைக்கு வாங்கினோம், எவ்வளவு நஷ்டம் என்று கணக்குக் காட்டக்கூடிய இடத்தில் அரசு காட்டவில்லை; ஆகவே பணத்தை வைத்துக்கொள்ள முடியாது என்றது. நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்பதை 2015-இல் கைலாஷ் நாத் வழக்கிலும் அது உறுதிப்படுத்தியது.

சப்ளை செய்யாத கான்ட்ராக்டருக்கே அப்படி என்றால், பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு வீடு மாறும் உங்களுக்கு என்ன? வரப்போகும் ஏழு மாதம் அவர்கள் உங்களுக்கு ஒரு ஜிபி கூடத் தரப்போவதில்லை. தராத சேவைக்கு முழுக் கட்டணம் என்பதற்கு அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். இரண்டு வருடக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, பாதியில் விலகிய மாணவருக்குத் திருப்பித் தர மறுத்த கோச்சிங் சென்டர்கள் மீது நுகர்வோர் ஆணையங்கள் இதே வழியில் உத்தரவிட்டிருக்கின்றன.

ஆனால் உங்கள் கணக்கிலும் நியாயம் இருக்க வேண்டும். 9,428-ஐ 12-ஆல் வகுத்து, ஏழு மாதப் பங்கைக் கேட்டால் முதல் பதிலிலேயே மாட்டிக்கொள்வீர்கள். வருடம் முழுக்க இருப்பீர்கள் என்று நம்பித்தானே இரண்டு மாதக் கட்டணத்தைத் தள்ளினார்கள்? அந்தச் சலுகையை நீங்களே விட்டுக்கொடுங்கள். ஐந்து மாதம் பயன்படுத்தியதற்கு மாதக் கட்டணத்திலேயே 3,995 ரூபாய். நீங்கள் கட்டியது, ஜிஎஸ்டி நீங்கலாக, 7,990. மீதியும் 3,995. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,714 ரூபாய் வர வேண்டும். வரியை அரசுக்குக் கட்டிவிட்டோமே என்பார்கள். கிரெடிட் நோட் போட்டுச் சரிசெய்ய ஜிஎஸ்டி சட்டத்தில் வழி இருக்கிறது. இன்ஸ்டலேஷன் 1,180-ஐப் பொறுத்தவரை அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆள் வந்து கேபிள் இழுத்த செலவு உண்மையான செலவு. முழுவதையும் ஒப்புக்கொண்டாலும் உங்களுக்கு 3,534 ரூபாய் வர வேண்டும். இந்த அளவுத் தொகையில் யாராவது 3,000 கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றால், நான் உங்கள் வக்கீலாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

ரவுட்டருக்கு 2,500 என்பது வெறும் மிரட்டல். பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகு அதன் விலையையும் கேட்க முடியாது. கொடுக்கும் விதத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். கேபிள்காரத் தம்பி வருவார், ரவுட்டரையும் அடாப்டரையும் கவரில் போட்டு எடுத்துப் போவார், மூன்று மாதம் கழித்து ‘கருவி திரும்பவில்லை’ என்று பில் வரும். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். வாங்குபவரிடம் தேதி போட்டு, அந்த நம்பரையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் கொடுக்காதீர்கள். வந்து எடுத்துச் செல்லுங்கள் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பத்திரமாக வைத்திருங்கள். பணம் கட்டியதற்குப் பில் இல்லாமல் இருந்தால், அதையும் இப்போதே கேளுங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஆட்டோ-பே போட்டிருந்தால் வங்கிச் செயலியில் போய் நிறுத்திவிடுங்கள்.

இனி, எங்கே போவது? முதலில் நிறுவனத்தின் புகார் மையம். புகார் எண் கட்டாயம் தர வேண்டும். “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று ஒன்றும் தீராமலே ஒரு எஸ்எம்எஸ் வரும். அதோடு விட்டுவிடாமல், 30 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிமுறை இது. கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேரடியாக எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. அதைவிட, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐக் கூப்பிடுவது பயன் தரும். இந்த அளவுத் தொகைகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்திலேயே பைசலாகிவிடுவதைப் பார்க்கிறேன்.

ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கட்டும், ‘மும்பை நீதிமன்றங்களுக்கே அதிகாரம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியும் இருக்கட்டும். 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது பெரம்பலூரிலேயே, புகார் கொடுக்கலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடக் காலக்கெடு. தொலைத்தொடர்பு விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று முன்பு வாதாடுவார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையும் உங்களைத் தடுக்காது.

புகார் எழுதும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று 2019 சட்டமே சொல்கிறது. படித்ததும் நம் வழக்குக்காகவே எழுதியது போலத் தோன்றும். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான். மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அந்த வார்த்தையைப் போட்டு மாவட்டத்தில் தாக்கல் செய்தால், எதிர்த் தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே அதிகார வரம்பைக் கிளப்புவார். நாலாயிரம் ரூபாய்க்குச் சென்னைக்கு அலைய முடியுமா? ‘சேவைக் குறைபாடு’, ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்றே எழுதுங்கள். கொடுக்காத சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கேளுங்கள்.

கடைசியாக, அந்த லைன்மேன் சொன்ன யோசனை. உங்கள் ஆதார், உங்கள் கையெழுத்து, உங்கள் பெயரில் உள்ள இணைப்பு அது. முகம் தெரியாத ஒருவர் அதில் மோசடி ஏதாவது செய்தால், சைபர் கிரைம் போலீஸ் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில். வருபவருக்கு இணைப்பு வேண்டுமென்றால், அவருடைய ஆவணங்களைக் கொடுத்து நிறுவனத்திலேயே பெயர் மாற்றிக்கொள்ளட்டும். நிறுவனம் அதற்குச் சம்மதித்தால், மீதி ஏழு மாதத்துக்கான தொகையை அவரிடமே வாங்கிக்கொள்ளலாம். புகாருக்கே வேலை இல்லை. சம்மதிக்காவிட்டால், சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்கும் முன் ரவுட்டரைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.