சபதமும் தெப்பமும்: நவசெவ்வியல், ரொமான்டிக் ஓவியங்களைப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

வரையறைகளை மனப்பாடம் செய்துவிட்டு ஓவியத்தின் முன் நின்றால் குழப்பம்தான் மிஞ்சும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள இரண்டு ஓவியங்களோடு பழகுங்கள். ஒன்று, ஜாக் லூயி டேவிட் 1784இல் தீட்டிய ‘ஹொரேஷியர்களின் சபதம்’. மற்றொன்று, தியோடர் ஜெரிக்கோ 1819இல் முடித்த ‘மெடூசாவின் தெப்பம்’. இரண்டையும் பெரிய திரையில் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் பெயர்

ரொமான்டிக் என்றால் இங்கே காதல் இல்லை. உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த பாணி அது. நவசெவ்வியல், பண்டைய கிரேக்க, ரோமானியக் கலையின் ஒழுங்கை மீட்க முயன்றது.

படி 1: கண் எங்கே போகிறது?

டேவிட்டின் ஓவியத்தில் மூன்று சகோதரர்கள் கை நீட்டுகிறார்கள். தந்தை மூன்று வாள்களை உயர்த்திப் பிடிக்கிறார். பின்னால் மூன்று வளைவுகள். எங்கே தொடங்கினாலும் பார்வை வாள் பிடித்த அந்தக் கையில்தான் வந்து நிற்கும்.

ஜெரிக்கோ கண்ணை நிற்கவிடுவதில்லை. கீழே பிணங்கள், அங்கிருந்து உடல்மேல் உடலாக ஏறினால், உச்சியில் துணி வீசும் கறுப்பின மனிதர். அவருக்கு எதிரே, அடிவானத்தில் ஒரு புள்ளியாக, பின்னர் இவர்களை மீட்ட ஆர்கஸ் கப்பல். காற்றோ பாயை எதிர்த்திசையில் இழுக்கிறது. பார்க்கும் நமக்கே பதறுகிறது.

படி 2: விளிம்பைப் பாருங்கள்

டேவிட்டிடம் ஒவ்வொரு உருவமும் செதுக்கியதுபோல் தனித்து நிற்கும். தூரிகைத் தடம் எளிதில் தெரியாது. தெப்பத்தில் உடல்கள் இருளுக்குள் கரைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

படி 3: யாருடைய கதை?

டேவிட் எடுத்துக்கொண்டது ரோமின் பழங்கதை: நாட்டுக்காக உயிரைக் கொடுக்கும் கடமை. ஜெரிக்கோ தீட்டியது அண்மையில் நடந்த கொடுமை. 1816இல் மெடூசா கப்பல் மொரிட்டேனியக் கடற்கரையருகே தரைதட்டியது. தெப்பத்தில் ஏற்றிவிடப்பட்டவர்கள் ஏறத்தாழ 147 பேர். 13 நாள் கழித்து மீட்கப்பட்டபோது உயிரோடிருந்தவர்கள் 15 பேர். தப்பியவர்களிடம் ஜெரிக்கோ நேரில் பேசினார். தெப்பத்துக்கு மாதிரி செய்யச் சொன்னார். பிணங்களைப் பார்த்து வரைந்தார். ஓவியமோ ஏறக்குறைய 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம்! அரசர்களுக்கும் வீரர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த அளவை, கைவிடப்பட்ட மனிதர்களுக்குக் கொடுத்தார். என்னை மிகவும் உலுக்குவது இதுதான்.

படி 4: எல்லை கலங்கும் இடம்

அவசரப்பட்டு முத்திரை குத்தாதீர்கள். ஜெரிக்கோ, கெரன் என்ற நவசெவ்வியல் ஓவியரிடம் பயின்றவர். 13 நாள் பட்டினி கிடந்த அந்த உடல்களின் திரண்ட தசைகளை உற்றுப் பாருங்கள். கிரேக்கச் சிலைகள் நினைவுக்கு வரும். பிறகு டேவிட் ஓவியத்தின் வலது ஓரத்துக்குப் போங்கள்; அங்கே உணர்ச்சி ததும்புகிறது. பெண்கள் துவண்டு சாய்ந்திருக்கிறார்கள். குழந்தைகளை அணைத்திருக்கும் ஒருத்தியின் விரலிடுக்கு வழியே, ஒரு சிறுவன் அந்த வாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.