ஏ-லெவல் அரசியல் படிக்கிறீர்களா?

பிரிட்டனில் இந்தப் பாடத்துக்குப் பாடநூல் மட்டும் போதாது. அண்மைய சான்று இல்லாத வாதம் தேர்வில் எடுபடாது. தலைப்புக்கு ஓர் அட்டை எழுதுங்கள்: முன்பக்கம் வாதம், பின்பக்கம் சான்று. தேர்தல் முறைக்கு 2024 பொதுத்தேர்தலே போதும். ரிஃபார்ம் கட்சிக்குச் சுமார் 14 சதவீத வாக்கு, கிடைத்தது 5 இடம். லிபரல் டெமாக்ரட்டுகளுக்கோ சுமார் 12 சதவீதம், 72 இடம்! நீதிமன்ற அதிகாரத்துக்கு, நாடாளுமன்றத்தை முடக்கியது செல்லாது என 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

கட்டுரையில் உங்கள் நிலைப்பாட்டை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், கடைசிவரை ஒளித்துவைக்காதீர்கள்.

புதிய சான்று தேட, புதன்கிழமை நண்பகல் பிரதமர் கேள்வி நேரத்தைப் பார்க்கலாம். பாதி நாடகம்தான். அமைச்சர்கள் உண்மையில் திணறுவதைப் பார்க்க, தெரிவுக்குழு விசாரணைகளைப் பாருங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசம்.