கொல்லையில் தண்ணீர் நிற்கிறதா?

ஐப்பசி மாதம். கடலூர் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். நாலு நாளாக விடாத மழை. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. அக்கா கொல்லைக்குப் போனாள். கத்தரிச் செடிகள் தலை தொங்கி நின்றன. இலை பச்சையாகத்தான் இருந்தது. மண்ணும் ஈரம்.

“தண்ணீர் நிற்கும்போதே செடி வாடுமா?” என்றாள்.

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து தம்பி வந்திருந்தான். அங்கே நாற்றுப் பண்ணையில் அவனுக்கு வேலை.

“வாடும், அக்கா. மண்ணுக்குள் சின்னச் சின்ன இடைவெளி உண்டு. அதில் காற்று இருக்கும். மழைநீர் அதை அடைத்தால் வேருக்கு மூச்சு முட்டும். தண்ணீரை வடித்தால் சில செடிகள் பிழைக்கும். ஆனால் இது நோயாகவும் இருக்கலாம். பார்த்துவிடுவோம்.”

ஒரு செடியின் தண்டை அடியில் வெட்டினான். கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் எடுத்தான். வெட்டிய முனை நீரில் படும்படி பிடித்தான். சற்று நேரத்தில் முனையிலிருந்து பால் போல வெள்ளை இழை இறங்கியது.

இது பாக்டீரியா வாடல் நோய். பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாத கிருமி. அது மண்ணில் இருக்கும். வேரில் உள்ள காயம் வழியே நுழையும். நீர் ஏறும் குழாயை அடைக்கும். மழைநீரோடு பக்கத்துச் செடிக்கும் போகும். வாடிய செடியைப் பிழைக்க வைக்க மருந்து இல்லை. கடையில் எதையாவது கொடுப்பார்கள், காசுதான் போகும். செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். எருக்குழியில் போடக்கூடாது. அதே இடத்தில் உடனே கத்தரி, தக்காளி, மிளகாய் வைக்கக்கூடாது. மக்காச்சோளம், காராமணி போடலாம்.

“அப்படியானால் இனிமேல் கத்தரியே கிடையாதா?”

“உண்டு. பெங்களூரில் ஹெசரகட்டா என்று ஓர் இடம். அங்கே இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த நோயைத் தாங்கும் கத்தரி ரகங்களை அங்கே உருவாக்கினார்கள். அர்க்கா கேசவ், அர்க்கா நிதி, அர்க்கா நீல்காந்த் என்று பெயர். தக்காளியில் அர்க்கா ரக்ஷக் உண்டு. அது வீரிய ஒட்டு ரகம். அதன் விதையை எடுத்து விதைத்தால் அதே குணம் வராது.”

நல்ல விதை இருந்தாலும் தண்ணீர் நிற்கக்கூடாது. தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் ஓர் ஆண்டு மழையில் 100க்கு 60 பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. அதனால் புரட்டாசியிலேயே ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட வேண்டும். மழை நாளில் யூரியா போட்டால் மணலில் கரைந்து ஓடிவிடும்.

மழையால் நன்மையும் உண்டு. கடலோர மண்ணின் உப்பைக் கழுவி இறக்குகிறது. புயல் காற்றோ உப்பைக் கொண்டுவந்து இலையில் ஒட்டுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பலாவும் முந்திரியும் சாய்ந்தன. புயல் ஓய்ந்ததும் செடிகளின் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

அக்கா மண்வெட்டியை எடுத்தாள். “கீழண்டைப் பக்கம் பள்ளம். அங்கே வாய்க்கால் வெட்டலாமா?”

“அது பெரியம்மா வீட்டுக் கொல்லை ஆயிற்றே. அவர்களும் கத்தரி வைத்திருக்கிறார்கள். நம் தண்ணீர் போனால் நோயும் போகுமே!”

அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தாள். வேலி ஓரம் போய்ப் பெரியம்மாவைக் கூப்பிட்டாள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து தெருச் சாக்கடை வரை வேலி ஓரமாகவே ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்தது.