அறை முடியும் இடம்: நகர்வு முறைகளை வகைப்படுத்துவது பற்றி ஒரு கடிதம்

மெய்நிகர் வெளிகளை வடிவமைக்கத் தொடங்கியிருக்கும் இளம் கலைஞருக்கு,

மெய்நிகர் வெளிக்கு எல்லை இல்லை. அதற்குள் நுழைபவர் நிற்கும் அறைக்கு உண்டு. ஹெட்செட்டுக்குள் காடும் கோட்டையும் மைல் கணக்கில் விரிந்து கிடக்க, வெளியே பத்தடியில் சுவர் வந்துவிடுகிறது. பொருந்தாத இந்த இரண்டு அளவுகளையும் இணக்கமாக்க எழுந்தவையே நகர்வு முறைகள். 2021இல் ஆய்வாளர்கள் சிலர் உருவாக்கிய ‘லோகோமோஷன் வால்ட்’ என்னும் தொகுப்பு நூற்றுக்கும் மேற்பட்ட முறைகளைப் பதிவு செய்திருக்கிறது. தொழிலுக்குப் புதியவர் அத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டால் அவை எப்படிப் பிரிகின்றன என்பது பிடிபட்டால், பார்த்திராத முறையையும் எடைபோட்டுவிடலாம்.

முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு: பயணம், வழியறிதல். கோயில் கோபுரத்தை அடையாளம் வைத்து ஊருக்குள் திசை பிடிப்பது வழியறிதல். அதை நோக்கிக் காலெடுத்து வைப்பது பயணம். ஒன்று மனத்தின் வேலை, மற்றது உடலின் வேலை. முப்பரிமாண இடைமுகங்கள் குறித்து டக் போமனும் மூவரும் எழுதி 2004இல் வெளிவந்த பாடநூல் இந்தப் பிரிவை நிலைநிறுத்தியது. ‘உள்ளே போனால் வழி தெரியவில்லை’ என்று ஒருவர் சொன்னால், குறை நகர்வு முறையில் இருக்கலாம். தொலைவிலிருந்து தெரியும் அடையாளம் எதுவும் காட்சியில் இல்லாததாலும் இருக்கலாம். எது என்று பார்க்காமல் நகர்வு முறையை மாற்றுவது வீண் வேலை.

வகைப்படுத்தும் முயற்சிகள் உவமைகளில் தொடங்கின. 1990இல் காலின் வேர், ஸ்டீவன் ஆஸ்போர்ன் இருவரும் மூன்று உவமைகளை ஒப்பிட்டார்கள்: கண்ணையே கையில் பிடித்துக் கொண்டு சுற்றுவது, காட்சியைக் கையில் ஏந்தித் திருப்பிப் பார்ப்பது, பறக்கும் வண்டியை ஓட்டுவது. உவமை புரிந்துகொள்ள எளிது. ஆனால் ஒரு முறை ஏன் இடறுகிறது என்பதை அது சொல்லாது. 1997இல் போமன், டேவிட் காலர், லாரி ஹாட்ஜஸ் மூவரும் பயணத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார்கள். திசையை அல்லது இலக்கை எது தீர்மானிக்கிறது? வேகத்தை எது தீர்மானிக்கிறது? நகர்வு எதனால் தொடங்கி எதனால் நிற்கிறது?

இந்தப் பிரிப்பின் பயன் ஓர் எளிய எடுத்துக்காட்டில் தெரியும். பார்க்கும் திசையிலேயே நகரும் முறை கற்றுக்கொள்ள மிகச் சுலபம். ஆனால் அதில் தலை இரண்டு வேலை செய்கிறது: பார்க்கவும் வேண்டும், வழிநடத்தவும் வேண்டும். ஓவியக்கூடத்தில் நடந்துகொண்டே பக்கவாட்டுச் சுவரை நோட்டம் விட நினைப்பவர் அந்தச் சுவரில் போய் முட்டுவார். திசையைக் கைக்கு மாற்றிவிட்டால் தலை விடுபடுகிறது. மூவரின் சோதனையிலும், ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே அதிலிருந்து விலகி வேறோர் இடத்துக்குப் போக வேண்டிய வேலையில் கையால் சுட்டும் முறையே மேலாக இருந்தது. எந்த உறுப்புக்கு எந்தப் பொறுப்பு என்று எழுதிப் பார்த்தாலே பாதிக் குறைகள் கண்ணில் பட்டுவிடும்.

இன்று மிகுதியாக எடுத்தாளப்படும் வகைப்பாட்டை 2017இல் காஸ்டாஸ் போலெட்சிஸ் முன்வைத்தார். அதன் அடியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நகர்வை உண்டாக்குவது உடலின் அசைவா, பொத்தானா? காட்சி தொடர்ச்சியாக நகர்கிறதா, விட்டுவிட்டுத் தாவுகிறதா? வெளி அறையின் அளவுக்குள் அடங்கியதா, திறந்ததா? விடைகளைச் சேர்த்தால் நான்கு குடும்பங்கள் கிடைக்கின்றன.

முதல் குடும்பம் அறை அளவிலான நடை. உடல் ஓரடி வைத்தால் காட்சியும் ஓரடி நகரும். 2016இல் எச்டிசி வைவ் ஹெட்செட் வந்தபோது இது வீடுகளுக்குள் நுழைந்தது. கண் சொல்வதையும் உட்செவி சொல்வதையும் இம்முறை ஒன்றாக வைத்திருப்பதால் குமட்டல் குறைவு. உண்மையான நடை, நின்ற இடத்திலேயே நடத்தல், பறத்தல் மூன்றையும் ஒப்பிட்ட 1999ஆம் ஆண்டு ஆய்விலும் நடையே எளிமையானதாகவும் இயல்பானதாகவும் தேறியது. அதன் ஒரே குறை சுவர்.

சுவரை ஏமாற்றும் வழியாக ஷரீஃப் ரஸாக் முதலிய வட கரோலினா ஆய்வாளர்கள் 2001இல் ‘திசைமாற்றிய நடை’யை அறிமுகப்படுத்தினார்கள். நடப்பவர் அறியாமல் காட்சியைச் சிறிது சிறிதாகச் சுழற்றினால், நேராக நடப்பதாக எண்ணிக்கொண்டே அவர் வளைந்து நடப்பார். எவ்வளவு வரை தெரியாது என்பதை ஃபிராங்க் ஸ்டைனிக்கே குழுவினர் 2010இல் அளந்தார்கள். காட்சியில் தெரியும் திருப்பத்தைவிட உடல் 49 விழுக்காடு கூடுதலாகவோ 20 விழுக்காடு குறைவாகவோ திரும்பினாலும் ஆள் கண்டுகொள்வதில்லை. வளைவின் ஆரம் 22 மீட்டருக்கு மேல் இருந்தால் நேர்நடை என்றே நம்புகிறார். 22 மீட்டர் ஆரம் என்றால் 44 மீட்டர் அகலக் கூடம் வேண்டும். ஆகவே இது பெரிய அரங்குகளுக்கான உத்தி; வீட்டு அறைக்கு அப்படியே பொருந்தாது. சிறிய அறைக்கு வேறொரு தந்திரம் இருக்கிறது: ஒரே தரைப்பரப்பின் மேல் பல அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு வளைவைத் தாண்டும்போது அடுத்ததைக் காட்டுவது. 2016இல் வந்த ‘அன்சீன் டிப்ளமசி’ விளையாட்டு இப்படித்தான் ஒரு சிறு பரப்புக்குள் நீண்ட கட்டடத்தை மடித்து வைத்தது.

இரண்டாம் குடும்பம் உடலசைவை நகர்வாக மாற்றுவது. கால் நின்ற இடத்திலேயே இருக்கும். காட்சி முன்னே போகும். 1995இல் மெல் ஸ்லேட்டர், மார்ட்டின் உஸோ, ஆன்டனி ஸ்டீட் மூவரும் நின்ற இடத்தில் நடக்கும்போது தலை ஆடும் பாங்கை நரம்பியல் வலையமைப்பு ஒன்றால் இனங்கண்டு, அதையே நடையாக மாற்றிக் காட்டினார்கள். கைகளை வீசி நடப்பது, வழுக்கும் தட்டின் மேல் ஓடுவது, எத்திசையிலும் உருளும் டிரெட்மில் ஆகியவை இதே குடும்பம். உடல் உழைப்பதால் இடத்தில் இருக்கும் உணர்வு கூடுகிறது. உடல் உழைப்பதாலேயே களைப்பும் வருகிறது. அரைமணி நேர அனுபவத்துக்குப் பொருந்துவது மூன்று மணி நேர வேலைக்குப் பொருந்தாது.

மூன்றாவது கன்ட்ரோலர் குடும்பம். கட்டைவிரல் குச்சியை முன்னே தள்ளுகிறது, உலகம் வழுக்கி வருகிறது. திரையில் விளையாடிப் பழகியவருக்கு இது கைவந்தது. தொலைவுக்கும் வேகத்துக்கும் வரம்பில்லை. வயிறுதான் விலை கொடுக்கிறது. கண் ‘ஓடுகிறாய்’ என்கிறது, உட்செவி ‘உட்கார்ந்திருக்கிறாய்’ என்கிறது. இந்த முரணிலிருந்தே தலைச்சுற்றலும் குமட்டலும் எழுகின்றன என்பது புலன்முரண் கொள்கை. சீரான வேகத்தைவிட வேகமாற்றமும் திருப்பமும் அதிகம் தொந்தரவு தருவதற்குக் காரணம், உட்செவி முடுக்கத்தை உணர்வது. மாறாத வேகத்தை அது உணர்வதில்லை. மெல்ல வேகமெடுக்கும் நகர்வு திரையில் அழகு. ஹெட்செட்டில் அது முரணை நீட்டிக்கிறது.

இக்குடும்பத்துக்கு மருந்துகள் உண்டு. நகரும்போது பார்வையின் ஓரங்களை இருட்டாக்கினால் அசைவுணர்வு குறைகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அஜோய் ஃபெர்னாண்டஸ், ஸ்டீவன் ஃபைனர் இருவரும் 2016இல் இதைச் சோதித்து, பெரும்பாலும் பயனர் கவனிக்காத அளவிலேயே இது உதவுவதைக் கண்டார்கள். அதே ஆண்டு வந்த கூகுள் எர்த் விஆர், பறக்கும் நேரத்தில் பார்வையைச் சுருக்கிவிடுகிறது. 30 அல்லது 45 பாகையாகப் படக்கென்று திருப்புவது இன்னொரு மருந்து: சுழற்சியைக் கண் பார்ப்பதே இல்லை.

நான்காவது டெலிபோர்ட் என்னும் தாவல். கையால் ஓரிடத்தைச் சுட்டி, பொத்தானை விட்டால் ஆள் அங்கே இருப்பார். இடையில் அசைவு இல்லாததால் முரணும் இல்லை. ஆனால் கடந்து வந்த வழியும் இல்லை. எல்லையற்ற வேகத்தில் இடம் மாற்றினால் பயனர் திசை தடுமாறுகிறார் என்று போமன் முதலியோரின் 1997ஆம் ஆண்டு ஆய்வே எச்சரித்திருந்தது. தாவல் வயிற்றைக் காக்கிறது, வழியறிதலைப் பறிக்கிறது. தொலைவடையாளங்களை மிகுதியாக வைப்பதும், தாவலைக் கண் பின்தொடரக்கூடிய விரைவான சறுக்கலாக மாற்றுவதும் இந்த இழப்பைக் குறைக்கும்.

நான்கு குடும்பங்களோடு கதை முடிவதில்லை. மஜீத் அல் ஸாயர் முதலியோர் தங்கள் மதிப்பாய்வில் நடை, திசையோட்டம், தேர்வு, கையாளுதல் என வேறு நான்கு பிரிவுகளைத் தந்தார்கள். 1995இல் உருவான ‘சிற்றுலகம்’ என்னும் முறையை எடுத்துக்கொள்ளலாம்: பயனர் தாம் இருக்கும் உலகத்தின் பொம்மை வடிவத்தைக் கையில் ஏந்தி, அதற்குள் தம் உருவை நகர்த்துகிறார். போலெட்சிஸின் பெட்டிகளில் இது எளிதில் உட்காராது. கையாளுதல் என்ற பிரிவு இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. ‘லோன் எக்கோ’ விளையாட்டில் எடையற்ற விண்கலத்தின் சுவரைப் பிடித்துத் தள்ளி மிதப்பதும், ‘கொரில்லா டேக்’ விளையாட்டில் கால்களே இல்லாமல் கைகளால் தரையை உந்திப் பாய்வதும் ஒரு வகைப்பாட்டில் உடலசைவு, மற்றொன்றில் கையாளுதல். இரண்டும் சரியே, கேட்ட கேள்விகள்தான் வேறு.

ஆகையால் வேலை தொடங்கும்போது வடிவமைப்பாளர் கேட்க வேண்டியவை பயனரைப் பற்றிய கேள்விகள். அவர் உட்கார்ந்திருப்பாரா, நிற்பாரா? கைகள் வேறு வேலையில் இருக்குமா? கடக்க வேண்டிய தொலைவு அடிக்கணக்கிலா, மைல் கணக்கிலா? வழியை நினைவில் வைக்க வேண்டுமா, போய்ச் சேர்ந்தால் போதுமா? தீயணைப்புப் பயிற்சியில் கட்டடத்தின் உள்ளமைப்பு மனத்தில் பதிய வேண்டும். அங்கே தாவல் பயிற்சியையே கெடுக்கும். வீடு வாங்குபவருக்கு வரைபட வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அதே தாவல் போதும். சமையலறைக்குள் போனபின் மீதித் தூரத்தை அவர் காலாலேயே நடந்துகொள்வார்.

சோதனையில் ஒரு கண்டிப்பு தேவை. மாதக்கணக்கில் ஹெட்செட் அணிந்த வடிவமைப்பாளரின் உடல் பழகிப்போனது; அவருடைய வயிறு சாட்சியாகாது. பழக்கமில்லாதவர்களை அழைத்து, 1993இல் கென்னடி குழுவினர் விமானப் பயிற்சி சிமுலேட்டர்களுக்காக உருவாக்கிய 16 அறிகுறிகள் கொண்ட வினாப்பட்டியலை அனுபவத்துக்கு முன்னும் பின்னும் நிரப்பச் சொல்வது வழக்கம். குமட்டல், கண்சோர்வு, திசைத்தடுமாற்றம் என்ற மூன்று தொகுதிகளில் எது ஏறுகிறது என்பதைப் பார்த்தால், எங்கே திருத்துவது என்பதற்குத் துப்புக் கிடைக்கும்.

எல்லா உடலுக்கும் ஒரே முறை ஒத்துவராது என்பதால், முடிவை ஓரளவு பயனரிடமே விடுவது நல்லது. 2020இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ விளையாட்டு கண்சிமிட்டும் தாவல், சறுக்கும் தாவல், தலை காட்டும் திசையில் தொடர்நகர்வு, கை காட்டும் திசையில் தொடர்நகர்வு என நான்கையும் வைத்தது, அறைக்குள் காலால் நடப்பது இவற்றோடு எப்போதும் சேர்ந்தே இருந்தது. இப்படித் தருவதற்குக் கதவின் அகலம், படியின் உயரம், எதிரி வரும் வேகம் எல்லாம் ஒவ்வொரு முறைக்கும் ஒத்துவரும்படி தொடக்கத்திலேயே அமைய வேண்டும். நகர்வு முறையைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று விடும் வேலையில், வெளி முழுவதையும் மறுபடி அளக்க நேரிடும்.